வாப்

வயிற்றுப்போக்கு நின்ற பிறகுதான் ருமானாவுக்குப் பயம் பிடித்தது.

அதுவரை பயப்பட நேரமில்லை. பிள்ளையைத் துடைப்பதும், பம்பர்ஸ் மாற்றுவதும், விரிப்பை அலசிப் பால்கனிக் கம்பியில் போடுவதும், கிளினிக்கில் கொடுத்த உப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்து மூடி மூடியாகப் புகட்டுவதுமாகப் பொழுது போனது. இடையிடையே அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓட வேண்டியிருந்தது. நோய் முதலில் வந்தது அவளுக்குத்தான். பிறகுதான் அஃப்ரினுக்கு. கையிலிருந்து பரவுகிற கிருமி இது என்று கிளினிக் டாக்டர் பொதுவாகச் சொன்னார். ருமானா அதைத் தன் கையைப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மருந்து சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை. விரலிடுக்கெல்லாம் தோல் வெளுத்து உரிந்திருந்தது.

இப்போது எல்லாம் நின்றுவிட்டது. காய்ச்சலும் இல்லை. அஃப்ரின் எழுந்து உட்காருகிறாள், ஜன்னல் சட்டத்தில் வந்து நிற்கும் புறாவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். ஆனால் சாப்பாட்டைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். ஒன்றரை வயதுக் குழந்தை, தண்ணீரும் கொஞ்சம் பாலும் தவிர வேறு எதையும் தொடவில்லை. கன்னம் வற்றி, தோடு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

அன்று காலையும் ருமானா பச்சரிசியைக் குழைய வேகவைத்து, ஒரு துண்டு கேரட்டை மசித்துப் போட்டு, உப்புத் தூவி இறக்கினாள். ஸ்பூனைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தாள். கிண்ணத்தையும் அப்படியே. கஞ்சி ஆறும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அஃப்ரினை மடியில் வைத்து ஸ்பூனை நீட்டினாள்.

"ஆ காட்டு தங்கம். ஒரே ஒரு வாய்."

அஃப்ரின் ஸ்பூனைப் பார்த்தாள். பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தட்டிவிட்டாள். கஞ்சி ருமானாவின் முழங்காலில் விழுந்தது.

"வாப்," என்றாள் அஃப்ரின். உதடு பிதுங்கியது. "வாப். வாப்."

நேற்றிலிருந்து இதைத்தான் சொல்கிறாள். கஞ்சியைக் கொண்டுபோனால் அழுதுகொண்டே இந்த ஒரு சொல். ருமானாவின் வீட்டிலும் புருஷன் வீட்டிலும் அப்பனை வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை வாப்பாவைத் தேடுகிறாள்.

வாப்பா அன்சார் கிள்ளானிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம், கிழக்கு மலேசியாவின் சரவாக்கில், பிந்துலுவில் இருந்தான். ஒரு எண்ணெய் ஆலையை மொத்தமாக நிறுத்திப் பழுது பார்க்கும் வேலை. வெல்டராகப் போயிருந்தான். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து கிளம்பினவன், வேலை முடியாமல் வர முடியாது. பாதியில் இறங்கினால் ஏஜென்ட் அடுத்த முறை கூப்பிட மாட்டான். அந்த அடுத்த முறைக்காகத்தான் இந்த முறையே போனான். அடுத்தது மலாக்கா பக்கம். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அவன் போகும்போது அஃப்ரினுக்குப் பேச்சு வரவில்லை.

முன்வாசலின் இரும்புக் கதவை யாரோ தட்டினார்கள். எதிர்வீட்டு லோகேஸ்வரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது அவள் வேலை. காலை நடை முடித்துவிட்டு, வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"என்னா ருமானா, சாப்பிட்டாளா இல்லையா?"

"எங்கக்கா. மூஞ்சிலயே துப்புறா."

"கஞ்சியப் பாத்தா எனக்கே துப்பணும்போல இருக்கு. வெள்ளையா செவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி." லோகேஸ்வரி குனிந்து அஃப்ரினின் கன்னத்தைத் தொடப்போய், ருமானாவின் பார்வையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். "கழுவிட்டேன்லா. கீழ டேப்புல கழுவிட்டுத்தான் வரேன்."

"வாப்," என்றாள் அஃப்ரின் அவளிடமும்.

லோகேஸ்வரி நிமிர்ந்தாள். "என்னா சொல்றா?"

"வாப்பாவத் தேடுறாக்கா. நேத்துலேருந்து இதேதான்."

"அடப்பாவமே. அப்பனுக்கு ஏங்கிப் போச்சு புள்ள. என் சின்னவனும் இப்படித்தான், அவங்கப்பா லோரி எடுத்துக்கிட்டு தாய்லாந்து பார்டருக்குப் போனப்ப அஞ்சு நாள் சோறு திங்கல. வந்து ஒரு அறை விட்டாரு, தின்னுட்டான்." சிரித்தவள், ருமானா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "நீ என்னா சாப்பிட்ட?"

"டீ குடிச்சேன்."

"டீயா? கண்ணாடில பாத்தியா உன்ன? அவர்கிட்ட சொன்னியா, உனக்கும் வந்துச்சுன்னு?"

"எதுக்குக்கா. உயரத்துல நின்னு நெருப்புப் பிடிக்கிறவருகிட்ட அதச் சொல்லி என்ன ஆவப்போகுது. புள்ளைக்கு முடியலன்னு சொன்னதுக்கே அன்னிக்குப் பூரா தூங்கல."

"ஆமா, நீ பெரிய ஆளு. உம்மா வீட்டுக்காச்சும் சொன்னியா?"

"பினாங்குல தம்பி பொண்டாட்டி பெத்துப் படுத்திருக்கா. அங்கேருந்து யாரக் கூப்பிட?"

லோகேஸ்வரி உதட்டைச் சுழித்தாள். "அப்ப அவரையே கூப்பிடு. இவ குரலப் பதிவு பண்ணி அனுப்பு. அதக் கேட்டுட்டு எந்த அப்பனும் அங்க நிக்க மாட்டான்."

அவள் போன பிறகு ருமானா வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அனுப்புவது சரியா தப்பா என்று யோசித்தாள். பிறகு மறுபடியும் ஸ்பூனை நீட்டினாள். "வாப்" என்று பிள்ளை அழுததும் பதிவு செய்தாள். கீழே ஒன்றும் எழுதாமல் அனுப்பினாள்.

பத்து மணித் தேநீர் நேரத்தில் அன்சார் கூப்பிட்டான். பின்னால் இயந்திரம் உறுமியது.

"ருமானா. என்னையா கூப்பிடுறா?"

"உங்களத்தான்."

அவன் குரல் மாறியிருந்தது. "போன வாரம் வீடியோவுல பேசுறப்ப கைய ஆட்டிட்டு பூன பொம்மைகிட்ட போயிட்டா. என் மூஞ்சி மறந்துபோச்சுன்னு நெனச்சேன். இப்ப எவ்வளவு தெளிவா கூப்பிடுறா பாரு. முதல் தடவ ருமானா. முதல் தடவ கூப்பிடுறப்ப நான் பக்கத்துல இல்ல."

"ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறா மச்சான்."

"நான் வந்தா சாப்பிடுவா. பாத்துக்கிட்டே இரு. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் சூப்பர்வைசர்கிட்ட கேக்குறேன். மவ கூப்பிடுறான்னு சொன்னா விடுவாரு, அவருக்கும் சின்னப் புள்ளைங்க இருக்கு."

"மலாக்கா வேலை?"

"பாத்துக்கலாம். மலாக்கா எங்கயும் ஓடிப்போவாது." இயந்திரச் சத்தம் உயர்ந்தது. "நீ நல்லா இருக்கல்ல?"

"நல்லா இருக்கேன்," என்றாள்.

போனை வைத்ததும் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். தலை சுற்றியது. அவன் வரப்போகிறான். அந்த நினைப்பு வெயிலில் நடந்து வந்தவளுக்குக் கிடைத்த மோரைப்போல உள்ளே இறங்கியது. குளியலறைக் கதவில் இன்னும் அவனுடைய பழைய கைலி தொங்குகிறது. அதைத் துவைத்துவிட்டு மறுபடியும் அங்கேயே மாட்டுவது ஏன் என்று அவளுக்கே தெரியாது. அவன் இருந்தால் பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி படுக்கலாம். யாராவது ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. இதற்கே வெட்கமாக இருந்தது.

மத்தியானம் கடையிலிருந்து உமர் அங்கிள் கூப்பிட்டார். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அவருடைய ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மாடிப்படி வரைக்கும் ஆள் நிற்கும். ருமானா சேலைப் பகுதியில் இருக்கிறாள். ஒருத்தி கேட்டால் இருபது சேலை விரிக்க வேண்டும். அவள் "பாத்துட்டு வரேன்" என்று போன பிறகு இருபதையும் பழைய மடிப்பு மாறாமல் மடிக்க வேண்டும். ருமானாவின் மடிப்பைப் பார்த்தால் விரித்த சேலையென்று சொல்ல முடியாது.

"எப்பம்மா வருவே? புதுப் பொண்ணு ஒண்ணு மடிக்குது, கருவாட்டுப் பொட்டலம் மாதிரி மடிக்குது."

"புள்ள இன்னும் சாப்பிடல அங்கிள். காக் யாத்தியும் ஊருல இல்ல. யாருகிட்ட விட்டுட்டு வர?"

"சரிம்மா, சரிம்மா. புள்ளயப் பாரு. வியாழக்கெழம முடியுமா? இல்ல, சும்மா கேட்டேன்."

காக் யாத்தி, அதாவது யாத்தி அக்கா, கீழ்வீட்டு மலாய்க்கார அம்மாள். ருமானா வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து பகல் முழுக்க அஃப்ரின் அவரிடம்தான். காலையில் விட்டால், ராத்திரிச் சாப்பாடும் கொடுத்துத்தான் திருப்பித் தருவார். ருமானா தூக்கிக்கொண்டு வந்து பால் கொடுத்துத் தூங்கவைப்பாள். விடுமுறை நாளில் ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டால் அஃப்ரின் தானே பொறுக்கித் தின்பாள். அவளுக்குச் சோறு ஊட்டும் வேலை ருமானாவுக்கு வாய்த்ததே இல்லை. மகளின் பிரசவத்துக்காகக் காக் யாத்தி கிளந்தான் போன பிறகுதான் இந்த நோய் வந்தது.

மூன்று மணிக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ருமானா ஓடிப்போய்க் கம்பியிலிருந்த துணியை இழுத்தாள். மழை சாய்ந்து அடித்தது. கீழே நிறுத்தியிருந்த கார்களின் கூரை தடதடத்தது. அந்த மழையிலேயே லோகேஸ்வரி ஒரு தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள்.

"சவ்வரிசி. கேரித் தீவு எஸ்டேட்டுல நாங்க வயித்துக்கு முடியலன்னா இதத்தான் குடிப்போம். பாதி அவளுக்கு, பாதி உனக்கு. முதல்ல நீ குடி, நான் பாக்கணும்."

ருமானா சுவரில் சாய்ந்து குடித்தாள். சூடு வயிற்றில் இறங்கியபோது கண் கலங்கியது. லோகேஸ்வரி அதைப் பார்க்காததுபோல ஜன்னலைச் சாத்தினாள். அஃப்ரினுக்கு ஸ்பூனில் எடுத்து நீட்டினாள். அஃப்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாப்."

"உங்கப்பன் வருவாரு, வருவாரு. அதுவரைக்கும் பட்டினியா கெடப்பியா? இவ்வளவு அழுத்தக்காரியா நீ?"

அப்போதுதான் போனில் காக் யாத்தியின் முகம் வந்தது. வீடியோ அழைப்பு. தோளில் துணி போர்த்தியிருந்தார், பின்னால் ஏதோ ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது. மலாயில்தான் பேசினார். பேரன் பிறந்தான், தலை நிறைய முடி, என் அஃப்ரின் எப்படி இருக்கிறாள், காட்டு.

ருமானா போனைத் திருப்பினாள். திரையில் அந்த முகத்தைப் பார்த்ததும் அஃப்ரின் இரண்டு கையையும் நீட்டினாள். பிறகு வாயைப் பெரிதாக, உள்நாக்குத் தெரியத் திறந்தாள்.

"வாப்! வாப்!"

காக் யாத்தி சிரித்துவிட்டார். "ஐயோ என் கண்ணே, பசிக்குதா உனக்கு? ருமானா, அவளுக்கு ஏன் இன்னும் சோறு கொடுக்கலை?"

"கொடுக்குறேன் காக். சாப்பிட மாட்டேங்குறா. அவங்க அப்பாவக் கேட்டு அழறா."

"அப்பாவையா? 'சுவாப்' என்று கேட்கிறாள். தினமும் அப்படித்தானே கேட்பாள். நான் கையில் ஒரு கவளம் உருட்டி 'சுவாப்' என்று சொல்லுவேன், வாயைத் திறப்பாள். அவளுக்கு 'சு' வராது. நீ எதில் கொடுக்கிறாய்?"

"ஸ்பூன்ல."

"ஸ்பூனை அவளுக்குத் தெரியாது. காய்ச்சல் மருந்து மட்டும்தான் ஸ்பூனில் கொடுப்பேன். அதைப் பார்த்தால் அவள் வாயைத் திறப்பாளா?"

சுவாப். கையால் ஊட்டுவதற்கு மலாயில் அதுதான் சொல். இந்த நாட்டில் பிறந்து, மலாய்ப் பள்ளியில் படித்து, ருமானாவுக்குத் தெரியாத சொல்லா? அவளுடைய காது அதற்கு முன்னாலேயே வேறொரு சொல்லைக் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தது.

போனை வைத்ததும் லோகேஸ்வரி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "சுவாப்பா? அது லஞ்சம்லா? பேப்பர்ல தெனம் போடுறானே, சுவாப் வாங்கினாரு, புடிச்சாங்கன்னு."

"அதுக்கும் அதே சொல்லுதாங்க்கா. வாயில வச்சு ஊட்டுறதுதானே அதுவும்."

"பாத்தியா, குடுத்தாத்தான் வாயத் தொறப்பேங்குறா. பெரிய ஆபீசரு." சொல்லிவிட்டு அவளே குலுங்கிச் சிரித்தாள். அஃப்ரினும் சேர்ந்து பல்லைக் காட்டினாள். மழைச் சத்தத்துக்கு நடுவே ருமானாவும் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அடச்சீ, எதுக்கு இப்ப? புள்ள பசியில இருக்கா. ஊட்டு."

"என் கையாலயாக்கா? இந்தக் கையிலேருந்துதான் அவளுக்கு வந்துச்சு."

"கொண்டா பாப்போம்." லோகேஸ்வரி அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். "தோலே இல்ல. கிருமி இதுல எங்க உக்காரும்? சோப்புப் போட்டுக் கழுவு, தொடச்சுக்க, ஊட்டு. வேனுக்கு நேரமாச்சு, நான் வரேன்."

ருமானா கழுவினாள். கஞ்சி ஆறிக் கெட்டியாகியிருந்தது. தட்டில் கொட்டி, விரலால் மசித்தாள். உரிந்த இடத்தில் உப்பு எரிந்தது. சின்னதாக ஒரு கவளம் உருட்டிக் கட்டைவிரலால் தள்ளிப் பிடித்தாள்.

"சுவாப்," என்றாள். தன் குரலே அந்நியமாக இருந்தது.

அஃப்ரின் வாயைத் திறந்தாள்.

அவ்வளவுதான். ஒரு வாய், இன்னொரு வாய். முன்பல் நாலும் விரல் நுனியைக் கவ்வின. நாக்கு வெதுவெதுப்பாக விரலைத் தேடி வந்து சோற்றை வழித்துக்கொண்டு போனது. பிறந்ததிலிருந்து தன் பிள்ளையின் உடம்பில் தான் அறியாத இடமே இல்லை என்று ருமானா நினைத்திருந்தாள். இந்த நாக்கை இப்போதுதான் அறிகிறாள். காக் யாத்தியின் விரல்களுக்கு இது தினமும் கிடைத்திருக்கிறது. பொறாமைப்பட்டாள், உடனே அதற்காக வருத்தப்பட்டாள், மறுபடியும் பொறாமைப்பட்டாள். தட்டு காலியானது.

மழை விட்டது. அஃப்ரின் அவள் மடியிலேயே தூங்கிப்போனாள். வாயோரம் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

இனி அன்சாரிடம் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். அவன் கேட்கட்டும், வரட்டும். வந்து பார்க்கும்போது பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், வாப்பாவைப் பார்த்த சந்தோஷம் என்று அவனே சொல்வான். ஊருக்கெல்லாம் சொல்வான். அதில் யாருக்கு நஷ்டம்? மலாக்கா வேலை போகும். மாதக்கணக்கில் மறுபடியும் ஏதாவது ஒரு தூரத்துக்குப் போவான். அப்போதும் பிள்ளை தன்னைக் கூப்பிடுவாள் என்று நம்பிக்கொண்டே போவான். ருமானா இப்படியும் அப்படியுமாக யோசித்தாள். இரண்டு பக்கமும் சரியாகவே இருந்தது. அதனால்தான் எதுவும் சரியாக இல்லை.

ஆறேகாலுக்கு அவனே கூப்பிட்டான். இங்கே பால்கனியில் இன்னும் மஞ்சள் வெயில் கிடந்தது. அங்கே கொங்சியில், தொழிலாளர்கள் தங்கும் அந்தத் தகர வீட்டில், விளக்குப் போட்டுவிட்டார்கள். ஒரே நாடு, கடிகாரத்தில் ஒரே மணி. ஆனாலும் அவனுக்கு முன்னாலேயே இருட்டிவிடும்.

"சூப்பர்வைசர் கீழதான் இருக்காரு, சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. முடிச்சதும் போய்க் கேக்கப்போறேன். அவகிட்ட சொல்லு, வாப்பா வர்றேன்னு."

"மச்சான், போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. அஃப்ரின் சாப்பிட்டுட்டா."

"அல்ஹம்துலில்லாஹ். எப்ப? எப்படிச் சாப்பிட்டா?"

"கையால ஊட்டினேன். அவ கேட்டுக்கிட்டிருந்தது அதத்தான். சுவாப்புன்னு கேட்டிருக்கா. காக் யாத்தி சொல்லிக்குடுத்தது. அவ வாப்பான்னு சொல்லல மச்சான். எனக்குத்தான் அப்படிக் கேட்டுச்சு."

அந்தப் பக்கம் யாரோ மீன் பொரிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"சுவாப்பா," என்றான்.

"ம்."

"சோறு கேட்டிருக்கா."

"ம்."

அவன் சிரித்தான். நன்றாகத்தான் தொடங்கியது, பாதியில் காற்றுப் போய்விட்டது. "டீ குடிக்கிற எடத்துல ஒருத்தரு காதையும் விடல நான். எல்லாருக்கும் வச்சுக் காட்டினேன், என் மவ கூப்பிடுறா பாருங்கன்னு. இந்த ஊரு இபான்காரன் ஒருத்தன் மட்டும் சிரிச்சான். ஏன்டா சிரிக்கிறான்னு பாத்தேன். அவனுக்குப் புரிஞ்சிருக்கு."

"கோவமா?"

"புள்ள சாப்பிட்டதுக்கு எவனாச்சும் கோவப்படுவானா? வயிறு நெறஞ்சுச்சா?"

"ஒரு தட்டு."

"சரி." மூச்சை இழுத்துவிட்டான். "அப்ப நான் கீழ போக வேண்டியதில்ல."

ருமானா சொல்ல வேண்டியது ஒரே ஒரு 'ம்'தான். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், வேலையும் நிற்கும், இன்னும் சில வாரம்தான், பிறகு மலாக்கா. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு எழுத்துப் போதும். அது வரவில்லை.

"ருமானா? இருக்கியா?"

"எனக்கும் வந்துச்சு மச்சான்."

"என்ன வந்துச்சு?"

"வயித்துக்கு. எனக்குத்தான் முதல்ல. இன்னும் சரியா நிக்க முடியல, எழுந்தா கண்ணு இருட்டுது. இன்னிக்கு எதிர்வீட்டக்கா கொண்டாந்த சவ்வரிசிதான் குடிச்சேன்."

"தெனமும் கேட்டேனே. நல்லா இருக்கேன்னுதானே சொன்ன?"

"சொன்னேன்."

"ஏன் ருமானா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. நெருப்பு, உயரம், தூக்கம் என்று காலையில் லோகேஸ்வரியிடம் சொன்னதெல்லாம் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. மடியில் பிள்ளையின் தலையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"அவ கூப்பிடல," என்றாள். "நான் கூப்பிடுறேன். வாங்க."

அன்சார் போனை வைக்கவில்லை. கதவு கிறீச்சிட்டது. பூட்ஸ் கால் இரும்புப் படிகளில் இறங்கும் சத்தம் கேட்டது. மீன் பொரியும் சத்தம் பக்கத்தில் வந்து, பின்னால் போனது. பிறகு, வாயிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும், அவன் குரல் தூரத்திலிருந்து வந்தது. "பாஸ்," என்று யாரையோ கூப்பிட்டு, மலாயில் ஒரு நிமிடம் பேச வேண்டுமென்றான். நாற்காலி நகர்ந்தது. என்ன விஷயம் என்று அவர் கேட்டார்.

"என் மனைவிக்கு," என்று அன்சார் தொடங்கியது ருமானாவுக்குத் தெளிவாகக் கேட்டது.